ஊசியில்லாமல் சர்க்கரை பார்க்கும் கைக்கடிகாரங்கள்: ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன் நான். சென்ற வாரம் தங்கள் மருத்துவப் பக்கத்தில், விரலில் குத்தாமலே ஒளியைப் பாய்ச்சி இரத்தச் சர்க்கரையை அளக்கும் கைக்கடிகாரங்களைப் பற்றி அரைப்பக்கச் செய்தி ஒன்று வந்திருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு இனி ஊசியின் தொல்லை இல்லை என்பது அச்செய்தியின் சாரம். இரண்டு நாள் கழித்து, அத்தகைய கைக்கடிகாரம் ஒன்றின் விளம்பரமும் அதே பக்கத்தில் இடம்பெற்றது. செய்தியை எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்தச் செய்தியில் எத்தனை பேரிடம் சோதித்தார்கள், உண்மை அளவிலிருந்து எவ்வளவு விலகியது, எந்த அமைப்பு அனுமதி வழங்கியது என்ற மூன்று விவரங்களில் ஒன்றுகூட இல்லை. அவை இல்லாத செய்தி எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் என்ன விளைவை உண்டாக்கும் என்பதைத் தங்களுக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மனைவிக்குப் பத்தொன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளாகக் காலையிலும் இரவிலும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சென்ற ஆண்டு, அக்காள் விரலில் தினமும் குத்திக்கொள்வதைக் காணப் பொறுக்காத அவருடைய தம்பி, இணையத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினார். முதலில் இயக்கும்போது வயது, உயரம், எடை, சர்க்கரை நோய் உண்டா இல்லையா என்ற விவரங்களை அது கேட்டது. கொடுத்த பின், அடிப்பக்கத்திலிருந்து பச்சையும் சிவப்பும் ஒளிர, அரை நிமிடத்தில் 132 என்று காட்டியது. அன்று, விரலில் குத்தி எடுத்த சொட்டு இரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டரிலும் ஏறத்தாழ அதே அளவுதான் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதில் செருகும் ஸ்டிரிப் வாங்கும் செலவு மிச்சம் என்று நானும் எண்ணினேன்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் இரவு இரண்டு மணியளவில் என் மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தார். ரவிக்கை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. தண்ணீர்ச் செம்பைப் பிடித்த கை நடுங்கி, தண்ணீர் மடியில் சிந்தியது. நான் குளுக்கோமீட்டரை எடுக்கப் போனபோது, அவர் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டி, "நூத்திப் பதினெட்டுதான் இருக்கு, ஒண்ணுமில்லை, நீங்க படுங்க" என்றார். நான் கேட்கவில்லை. விரலில் குத்திப் பார்த்ததில் 52 இருந்தது. மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து மறுபடியும் குத்திப் பார்த்தபோது 81க்கு ஏறியிருந்தது. அந்தக் கால் மணி நேரத்திலும் கைக்கடிகாரம் 118, 120, 117 என்றே காட்டிக்கொண்டிருந்தது. நான் அன்று ஊரில் இல்லாமல் இருந்திருந்தால், 118 என்ற எண்ணை நம்பி அவர் படுத்திருப்பார். சர்க்கரை இன்னும் இறங்கியிருந்தால் நினைவு தப்பியிருக்கும்.

மறுநாளிலிருந்து ஒன்பது நாள்கள், வேளாவேளைக்கு, சாப்பிடுவதற்கு முன்னும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும், குளுக்கோமீட்டர் அளவையும் கைக்கடிகாரத்தின் அளவையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். குளுக்கோமீட்டரில் குறைந்தது 64, கூடியது 287. கைக்கடிகாரமோ 96க்குக் கீழே இறங்கவும் இல்லை, 141க்கு மேலே ஏறவும் இல்லை. ஒன்பதாம் நாள் மாலை அடுப்படியில் கிடந்த வாழைக்காய் ஒன்றில் அதைக் கட்டி வைத்தேன். சற்று நேரம் ஒளிர்ந்துவிட்டு 109 என்றது. சுருட்டிய துண்டில் கட்டியபோது 104. ஒளி எதன்மீது பட்டுத் திரும்பினாலும் ஓர் எண்ணைச் சொல்லும்படி அது எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கைக்கடிகாரத்தை வாங்கிய பலர் "துல்லியமாக இருக்கிறது" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் என் மைத்துனரும் வாங்கினார். அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன். சர்க்கரை நோய் இல்லாத ஒருவருக்கு எந்த வேளையில் பார்த்தாலும் பெரும்பாலும் 80க்கும் 130க்கும் இடையில்தான் இருக்கும். அவரிடம் 105 என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அது உண்மைக்கு அருகிலேயே அமையும். அவர் ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கிறார், 101 வருகிறது, மனநிறைவு அடைகிறார். ஆனால் அளவு மாறாத ஒருவரிடம் சோதித்த கருவியை, காலையில் 60க்கு இறங்கி மதியம் 280க்கு ஏறுகிற ஒருவரின் கையில் கட்டுவதில் எந்த நியாயமும் இல்லை. சர்க்கரை இறங்கும்போதும் ஏறும்போதும் கருவியும் கூடவே இறங்கி ஏறுகிறதா என்பதே சோதனை.

இந்தப் பொறியில் அறிஞர்களும் விழக்கூடும் என்பது ஆய்வாளர்களுக்கு நெடுங்காலமாகவே தெரியும். 1998ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ஆர்னால்டும் அவருடைய சகாக்களும், உடல் திசுவைப் போல ஒளியைச் சிதறச் செய்யும், ஆனால் துளியும் குளுக்கோஸ் கலக்காத ஒரு மாதிரியின்மீது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி அளவெடுத்தார்கள். அந்த அளவீடுகளோடு, மனிதர்களுக்குச் செய்யும் குளுக்கோஸ் சோதனையில் வருவது போன்ற எண்களை இணைத்துக் கணினியில் கணித்தபோது, இல்லாத குளுக்கோஸைக் கருவி சரியாக அளப்பது போன்ற தோற்றம் கிடைத்தது. காரணம் எளிது. குளுக்கோஸ் குடித்தவருக்குச் சர்க்கரை நேரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. கருவியின் வெப்பமும் விளக்கின் ஒளியும்கூட நேரத்தோடு சேர்ந்து மெல்ல மாறுகின்றன. கணக்குப் போடும் கணினிக்கு இரண்டும் ஒன்றையொன்று தொடர்வதாகத் தோன்றிவிடுகிறது. இதை முன்கூட்டியே தடுக்கும்படி திட்டமிடாத எந்தச் சோதனையின் முடிவையும், அது எவ்வளவு பெரிய நிறுவனத்திலிருந்து வந்தாலும், செய்தித்தாள்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் விரலில் குத்தாமல் ஆக்ஸிஜனைச் சொல்லவில்லையா, அதேபோல் சர்க்கரையையும் ஏன் சொல்லக் கூடாது என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். முறையான கேள்விதான். ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில் வகுத்த அந்த முறை, இரத்தத்தின் நிறத்தை நம்பியிருக்கிறது. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் செக்கச் செவேலென்று இருக்கும். ஆக்ஸிஜன் இழந்தது கருஞ்சிவப்பாகிவிடும். ஆகவே 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சினால், எது எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதிலிருந்து விகிதத்தைக் கண்டுகொள்ளலாம். தமனியில் இரத்தம் துடித்துத் துடித்து ஓடுவதால், துடிக்கும் பங்கை மட்டும் பிரித்தெடுத்துத் தோலையும் எலும்பையும் கணக்கிலிருந்து நீக்கிவிடவும் முடிகிறது.

குளுக்கோஸுக்கு நிறம் இல்லை. ஒரு கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, பக்கத்தில் வெறும் தண்ணீரையும் வைத்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது, எல்.இ.டி. விளக்குக்கும் அதே நிலைதான். அளவும் மிகச் சிறியது. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 15 கிராம் இருக்கிறது. சர்க்கரையோ 100 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. மூலக்கூறு எண்ணிக்கையில் பார்த்தால், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு ஏறத்தாழப் பத்தாயிரம் நீர் மூலக்கூறுகள் என்ற விகிதம் வருகிறது. இதில் 100க்கும் 110க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

குளுக்கோஸ் சற்றுத் தெளிவாகத் தன்னைக் காட்டிக்கொள்வது, 1500 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்புப் பகுதியில்தான். அங்கே தண்ணீர், கொழுப்பு, புரதம் எல்லாமே ஒளியை உறிஞ்சுகின்றன. அவற்றில் தண்ணீர் மிக அதிகமாகவே உறிஞ்சுகிறது. உடல் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் தண்ணீரின் உறிஞ்சலில் உண்டாகும் மாற்றமே, சர்க்கரையால் உண்டாகும் மாற்றத்தை மூழ்கடித்துவிடப் போதுமானது. மணிக்கட்டில் வியர்த்தாலும், வாரை இறுக்கிக் கட்டினாலும், வெயிலில் நடந்துவிட்டு வந்தாலும் இதே சிக்கல்தான். இவை எல்லாவற்றையும்விட எளிய சான்று ஒன்று உண்டு. விலை மலிந்த கைக்கடிகாரங்களில் ஒளியை வாங்கி அளக்கும் உறுப்பு சிலிக்கானால் ஆனது. சிலிக்கான் 1100 நானோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒளியை உணராது; அது பொருளின் இயல்பு, எந்த மென்பொருளாலும் அதை மாற்ற முடியாது. அந்த ஒளியை உணர, இண்டியம் காலியம் ஆர்சனைடு போன்ற விலையுயர்ந்த பொருளால் ஆன உணரி வேண்டும். பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் ஒரு சிலிக்கான் துண்டும் மட்டுமே உள்ள கைக்கடிகாரம் நாடித் துடிப்பைச் சொல்லும். ஆக்ஸிஜனையும் ஓரளவு சொல்லலாம். சர்க்கரையைச் சொல்வதற்கு அதனிடம் வழியே இல்லை.

இவ்வளவு எழுதியதால், ஒளியால் சர்க்கரையை அளக்கும் முயற்சியையே நான் எதிர்ப்பதாகத் தாங்கள் கருதிவிடக் கூடாது. ஒளி இந்தத் துறைக்குப் புதிதும் அன்று. 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முதல் குளுக்கோமீட்டர் ஒளியால்தான் அளந்தது. பெரிய சொட்டு இரத்தத்தை ஒரு பட்டையில் விட்டு, ஒரு நிமிடம் காத்திருந்து, கழுவி, அதில் ஏறியிருக்கும் நீல நிறத்தின் அடர்த்தியை அது ஒளியைக் கொண்டு படித்தது. நிறமில்லாத குளுக்கோஸை நிறமுள்ள ஒன்றாக வேதிப்பொருள் மாற்றிக் கொடுத்தது. ஒளி அந்த நிறத்தைப் படித்தது. இன்று எவர்சென்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றுள்ள உணரியும் ஏறத்தாழ அதே வழியில்தான் இயங்குகிறது. மாத்திரை அளவே உள்ள அந்த உணரியை மருத்துவர் மேல்கையில் தோலைச் சிறிது கீறி உள்ளே வைக்கிறார். அதன்மீது பூசப்பட்ட வேதிப்பொருள், குளுக்கோஸ் வந்து ஒட்டும்போது கூடுதலாக ஒளிர்கிறது. அந்த ஒளிர்வு அளக்கப்படுகிறது. 2018இல் 90 நாள் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்த அந்த உணரியின் புதிய வடிவம், 2024இல் ஓராண்டுக் காலத்துக்கு அனுமதி பெற்றது. அங்கே ஒளி பொய் சொல்லவில்லை. குளுக்கோஸை அடையாளம் காட்டும் பொருள் அதற்குத் துணையாக இருக்கிறது.

துணையே இல்லாமல், தோலுக்கு வெளியே நின்று, ஒளி மட்டுமே குளுக்கோஸை அடையாளம் காண வேண்டும் என்பதுதான் கடினமான பணி. அதற்கான வழிகளில் எனக்கு மிகுந்த நம்பிக்கை அளிப்பது, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1928இல் கண்ட விளைவை அடிப்படையாகக் கொண்ட முறை. ஒரு பொருளின்மீது படும் ஒளியில் மிக மிகச் சிறு பங்கு, ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று, அந்தப் பொருளின் மூலக்கூறு அதிர்வுக்கு ஏற்ப நிறம் மாறிச் சிதறுகிறது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இந்த மாற்றம் கைரேகை போலத் தனித்தது. குளுக்கோஸின் ரேகை மற்றவற்றோடு எளிதில் குழம்பாது. 2020இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சாம்சங் நிறுவனத்தின் ஆய்வுக்குழுவோடு சேர்ந்து, பன்றிகளின் காதுத் தோல் வழியாகக் குளுக்கோஸின் இராமன் ரேகையையே நேரடியாகக் கண்டதாக வெளியிட்டார்கள். கணினி ஊகித்த தொடர்பாக அன்றி, குளுக்கோஸ் ஏற ஏற அதற்கே உரிய ரேகையும் ஏறுவதை அவர்கள் காட்டினார்கள் என்பதே அதன் சிறப்பு. ஆர்னால்டு குழுவின் எச்சரிக்கைக்கு இதுதான் சரியான பதில். ஆனால் அதற்குத் தேவைப்பட்டது சோதனைக்கூட மேசையை நிரப்பும் லேசரும் நிறமாலைக் கருவியும். இரண்டாயிரம் ரூபாயில் அடங்கும் பொருள்கள் அல்ல அவை.

பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் வேறொரு வழியை முயன்றிருக்கிறார்கள். லேசர் ஒளி பட்டதும் திசு மிகச் சிறிதளவு சூடேறி விரிந்து சுருங்குகிறது. அந்த அதிர்வு, காதுக்குக் கேட்காத ஒலியாக வெளியே வருகிறது. ஒளியைவிட ஒலி தோலுக்குள் குறைவாகவே சிதறும் என்பதால், உள்ளே நடப்பதை அது தெளிவாகக் கொண்டுவருகிறது. இதோடு, குளுக்கோஸ் கரைசல், ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி செய்த, அதாவது முனைவாக்கிய, ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும் என்ற, பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கும் தெரிந்த பண்பையும் அவர்கள் இணைத்தார்கள். 2025இல் வெளியான அந்த ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத ஒருவரின் அளவை மூன்று நாள்கள், உணவுக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து பார்த்தார்கள். ஒருவர், மூன்று நாள் என்பதை அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். லேசர் பெரிது, விலை அதிகம், சுருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறார்கள். இந்த நேர்மைதான் அறிவியல். இத்தகைய செய்தியைத் தாங்கள் முதல் பக்கத்தில் போட்டாலும் நான் மகிழ்வேன்.

நம் தோலின் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். தோலில் உள்ள மெலனின் ஒளியை உறிஞ்சும். ஆக்ஸிமீட்டர் போன்ற, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனைகளில் புழங்கிய கருவியிலேயே இதனால் பிழை நேர்கிறது. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் ஆக்ஸிமீட்டர் சரியாக இருப்பதாகக் காட்டிய நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்ததைக் காட்டியது. சர்க்கரையை அளக்கும் ஒளிக்கருவி நாளை உண்மையாகவே வந்தால், அது நம் ஊர்க் கறுத்த கைகளிலும், நாற்று நட்டுக் காய்த்துப்போன உள்ளங்கைகளிலும், மருதாணி இட்ட விரல்களிலும் சோதிக்கப்பட்டதா என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம்.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரி 21 அன்று பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. தோலைத் துளைக்காமல் தாமாகவே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் எந்த மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்றும், எந்த நிறுவனம் தயாரித்தாலும் அவற்றை வாங்க வேண்டாம் என்றும் அது தெளிவாகக் கூறியது. தவறான எண்ணை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ கூடுதலாக எடுத்துக்கொண்டால் சர்க்கரை வேகமாக இறங்கி, சில மணி நேரத்திலேயே மனக்குழப்பமும் நினைவிழப்பும் மரணமும்கூட நேரலாம் என்றும் அது விளக்கியது. என் வீட்டில் அந்த இரவு நடக்கவிருந்ததும் ஏறத்தாழ இதுதான். இங்கே ஒரு குழப்பத்தை நீக்க விரும்புகிறேன். மேல்கையில் ஒட்டிக்கொண்டு, மெல்லிய இழையைத் தோலுக்குள் செலுத்தி அளக்கும் உணரிகள் வேறு. அவை முறையான அனுமதி பெற்றவை. அவை அனுப்பும் எண்ணைச் சில கைக்கடிகாரங்கள் திரையில் காட்டவும் செய்யும். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, கைக்கடிகாரமே அளக்கிறது என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

துல்லியம் என்றால் என்ன என்பதற்கும் வரையறை உண்டு. வீட்டில் பயன்படுத்தும் குளுக்கோமீட்டருக்கான பன்னாட்டுத் தரம், 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, நூறு அளவீடுகளில் 95 அளவீடுகளாவது ஒரு வரம்புக்குள் அமைய வேண்டும் என்கிறது. உண்மை அளவு 100க்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராமுக்கு மேல் விலகக் கூடாது. அதற்கு மேல் இருந்தால் 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. ஆக, 200 இருப்பவருக்கு 170க்கும் 230க்கும் இடையில் காட்டலாம். 52 இருப்பவருக்கு 67க்கு மேல் காட்டக் கூடாது. என் மனைவிக்குக் காட்டப்பட்டது 118.

இந்த நாட்டில் இது எத்தனை பேரைத் தொடும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்களின் தலைமையில் நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்றும், அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர் என்றும் மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்த நோய் உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் குளுக்கோமீட்டரும் இரத்த அழுத்தக் கருவியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி, "என் பேரன் சுகர் வாட்ச் வாங்கிக் கொடுத்திருக்கான், எனக்குக் குத்த வேண்டாம்மா" என்று அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியதை நானே வாசலில் நின்று பார்த்தேன். வாசல்வரை வந்த மருத்துவம் ஒரு பொய்யான எண்ணால் திரும்பிப் போயிற்று.

ஊசியின் வலியைச் சிறிதாக்கி நான் பேசவில்லை. நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பிறந்த சில ஆண்டுகளிலேயே வந்த, இன்சுலின் இல்லாமல் உயிர் தரிக்க முடியாத வகை நோய் அவளுக்கு. மதிய மணி அடித்ததும் மற்றவர்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க, அவள் மேசைக்கு அடியில் கையை மறைத்துக்கொண்டு விரல் ஓரத்தில் குத்திக்கொள்வாள். விடைத்தாளை நீட்டும்போது, அவளுடைய பத்து விரல்களின் ஓரங்களிலும் மிளகு தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரியும். ஒரு நாளில் ஐந்தாறு முறை என்று கணக்கிட்டால் ஓர் ஆண்டில் இரண்டாயிரம் குத்துகள். அந்தப் பிள்ளையின் விரல்களுக்காகவாவது ஒளிக்கருவி ஒருநாள் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதற்காகவே, அதன் பெயரால் விற்கப்படும் போலியைக் கண்டு எனக்குக் கோபம் வருகிறது. போலியால் ஏமாந்தவர்கள், உண்மையான கருவி வரும்போது அதையும் நம்ப மாட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. தவறான விளம்பரத்துக்கு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். ஆனால் என் மனைவிக்கு வந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது, முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் சர்க்கரை அளவு என்று அச்சிட்டவர்கள், பின்பக்கத்தில் உருப்பெருக்கி வைத்துப் படிக்கும் எழுத்தில், இது மருத்துவக் கருவி அன்று, பொது நலத் தகவலுக்கு மட்டுமே என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்தச் சிற்றெழுத்தை மூதாட்டிகளுக்கு யார் படித்துக் காட்டுவார்கள்?

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். சர்க்கரையை ஊசியின்றி அளப்பதாகச் சொல்லும் எந்தப் பொருளின் விளம்பரத்தையும் ஏற்பதற்கு முன், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி எண்ணைக் கேளுங்கள்; அந்த எண் இல்லையென்றால் விளம்பரத்தைத் திருப்பி அனுப்புங்கள். செய்தியாக வெளியிடும்போது, சோதிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் சர்க்கரை நோயாளிகள், 70க்குக் கீழும் 250க்கு மேலும் எத்தனை அளவீடுகள் எடுக்கப்பட்டன என்பதை நிருபரிடம் கேட்டு வாங்கி, தலைப்புக்குக் கீழேயே அச்சிடுங்கள். விலை குறைந்த ஸ்டிரிப்புகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்சுலினோடு சேர்த்து வழங்கப்பட வேண்டும் என்பதைத் தாங்கள் தலையங்கமாக எழுதினால், கைக்கடிகாரத்தை நாடிச் செல்லும் ஏழைக் குடும்பங்கள் பல நின்றுவிடும். ஒரு ஸ்டிரிப்புக்குப் பதினைந்து இருபது ரூபாய் கொடுக்க இயலாமல்தான் பலர் அந்தப் பக்கம் போகிறார்கள்.

நான் எழுதிவைத்த ஒன்பது நாள் குறிப்பேட்டின் பக்கங்களை நகலெடுத்து இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். இடப்பக்கத்துப் பத்தியில் இருப்பவை குளுக்கோமீட்டர் அளவுகள், வலப்பக்கத்தில் இருப்பவை கைக்கடிகாரத்தின் அளவுகள். கடைசிப் பக்கத்தில் உள்ள இரண்டு வரிகள் மட்டும் வாழைக்காய்க்கும் துண்டுக்கும் உரியவை.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.